வீட்டுக்குள் வந்த ஆமைக்குஞ்சு: வளர்ப்பதா, விடுவதா?

ஆண்டு இறுதியின் அடைமழைக் காலம். ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை மார்போடு அணைத்தபடி அறிவியல் கூடத்துக்கு வந்தாள். மூடியில் நான்கைந்து துளைகள். உள்ளே விளிம்புவரை தண்ணீர். அதில் 50 சென் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய ஆமைக்குஞ்சு ஒன்று கால்களை அடித்துக்கொண்டு மேலே வரத் தவித்தது. அதைச் சுற்றிச் சோற்றுப் பருக்கைகள் மிதந்தன.

"டீச்சர், நேத்து ராத்திரி சமையல்கட்டுக்குள்ள வந்துடுச்சு. பாட்டி உடனே தூக்கிப் போடச் சொல்றாங்க. ஆமை நுழைஞ்ச வீடு உருப்படாதாம். சோறு போட்டேன், சாப்பிடல. இது செத்துப் போயிடுமா?"

அவளிடம் நான் முதலில் பதில் சொல்லவில்லை. டப்பாவைச் சாய்த்துத் தண்ணீரில் பெரும்பகுதியைக் கொட்டினேன். குஞ்சின் கால்கள் தரையைத் தொட்டன. தலையை நீட்டி மூச்சு வாங்கியது. ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு, மீனைப்போல் செவுள் இல்லை. ஏறி நிற்க இடமில்லாத ஆழமான தண்ணீரில் விடப்பட்ட ஆமைக்குஞ்சு களைத்துப்போனால் மூழ்கியே இறந்துவிடும். அந்த மாணவி அதற்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் டப்பாவை நிரப்பியிருந்தாள்.

இப்படி ஒரு குஞ்சு நாளை உங்கள் வீட்டுக்கும் வரலாம். வந்தால் என்ன செய்வது? இந்த வாரம் அதைப் படிப்போம்.

பழமொழி என்ன சொல்கிறது?

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்ற பழமொழியை நம் வீடுகளில் இன்றும் கேட்கிறோம். அமீனா என்பவர் நீதிமன்ற உத்தரவோடு வந்து சொத்தைப் பறிமுதல் செய்யும் அலுவலர். அவர் வந்தால் வீடு என்னவாகும் என்பது புரிகிறது. ஆமை வந்தால்? பொறாமை, கல்லாமை, முயலாமை என முடியும் 'ஆமை'களையே இது குறிக்கிறது என்று சிலர் விளக்குவார்கள். 'ஆம்பி' எனும் காளான் பூத்த, பராமரிப்பில்லாத வீட்டைக் குறித்த சொல்லே மருவி ஆமையானது என்று வேறு சிலர் சொல்வார்கள்.

எந்த விளக்கம் சரி என்பதை மொழி ஆசிரியர்களிடம் விட்டுவிடுவோம். அறிவியல் இங்கே ஒரு சாதாரணக் காரணத்தைக் காட்டுகிறது. நன்னீர் ஆமைகள் தண்ணீரில் வாழ்ந்தாலும் முட்டையிடுவது நிலத்தில்தான். குளத்தோரம், வயல் வரப்பு, புதர் மண், சில வேளைகளில் நம் வீட்டுத் தோட்டத்து மண். குஞ்சு பொரிந்ததும் தண்ணீரைத் தேடி நடக்கத் தொடங்கும். கனமழையில் கால்வாய் நிரம்பி வழிந்தால் நீரோடு அடித்துவரப்படும். ஆக, ஆமை நுழைந்த வீடு என்பது பெரும்பாலும் தண்ணீருக்கு அருகில் உள்ள வீடு. நம்முடைய தாமான்கள் பல, ஒரு காலத்தில் சதுப்பு நிலமாகவோ வயலாகவோ இருந்தவை. அப்படிப் பார்த்தால் ஆமை நம் வீட்டுக்குள் நுழைந்ததா, நாம் அதன் வீட்டுக்குள் நுழைந்தோமா என்று கேட்கத் தோன்றுகிறது.

எந்த ஆமை?

தமிழில் எல்லாவற்றையும் 'ஆமை' என்கிறோம். நாம் பள்ளியில் படிக்கும் மலாய்மொழி இதில் நமக்கு உதவுகிறது. 'பென்யூ' என்றால் கடலாமை. 'கூரா-கூரா' என்றால் கெட்டியான ஓடுள்ள நில, நன்னீர் ஆமைகள். 'லாபி-லாபி' என்றால் தோல் போன்ற ஓடுள்ள மெல்லோட்டு ஆமை. 'துந்தோங்' என்றால் பெரிய ஆற்றாமை. இவற்றின் வாழிடமும் உணவும் வேறுவேறு. ஆகவே பராமரிப்பும் வேறுவேறுதான். அடையாளம் காணாமல் உதவி செய்யக்கூடாது என்பதே முதல் விதி.

அடையாளம் காண நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, கால்கள். துடுப்புப்போல் தட்டையாக, விரல்கள் பிரியாமல் இருந்தால் அது கடலாமைக்குஞ்சு. கடற்கரையை ஒட்டிய வீடுகளின் விளக்கு வெளிச்சத்தால் ஈர்க்கப்பட்டு, கடலுக்குப் போக வேண்டிய குஞ்சு வழிமாறி வரும். அதை நன்னீரில் போடவே கூடாது. மீன்வளத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கால்கள் யானைக்கால்போல் உருண்டு, விரல்களுக்கிடையே சவ்வு இல்லாமல் இருந்தால் அது நில ஆமை. அதற்கு நீந்தத் தெரியாது. தண்ணீர்த் தொட்டியில் விட்டால் இறந்துவிடும். நகங்களும் விரல்களுக்கிடையே சவ்வும் இருந்தால் அது நன்னீர் ஆமை. நம் வீடுகளுக்கு வருபவை பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையே.

இரண்டாவது, மேலோடு. தகடு தகடாகப் பிரிந்து கெட்டியாக உள்ளதா, அல்லது தகடுகளே இல்லாமல் தோல்போல் உள்ளதா? நடு முதுகில் மேடான கோடு ஒன்றா, மூன்றா?

மூன்றாவது, தலை. கோடுகள் உண்டா? என்ன நிறம்? கண்ணுக்குப் பின்னால் புள்ளியோ பட்டையோ உண்டா? மூக்கு குழாய்போல் நீண்டுள்ளதா?

நான்காவது, அடியோடு. குஞ்சை மெதுவாகத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆனால் நெடுநேரம் மல்லாத்தி வைக்காதீர்கள்.

மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று, தலையின் பக்கவாட்டில் ஒன்று என மூன்று படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து எடுத்தால் அளவும் தெரியும். அதிகாரிகளிடம் கேட்கும்போது இந்த மூன்று படங்களே போதும்.

நம் நாட்டில் வீட்டருகே காணக்கூடிய சில ஆமைகள்

பெட்டி ஆமை. மலாய்மொழியில் 'கூரா-கூரா காத்துப்'. 'காத்துப்' என்றால் மூடுதல். வளர்ந்த ஆமையின் அடியோட்டில் கீல் போன்ற அமைப்பு உண்டு. ஆபத்து வந்தால் தலை, கால் அனைத்தையும் இழுத்துக்கொண்டு பெட்டியைப்போல் மூடிவிடும். குஞ்சுகளுக்கு இந்தக் கீல் இன்னும் வேலை செய்யாது. ஆகவே 'மூடவில்லையே, இது பெட்டி ஆமை இல்லை' என்று முடிவு செய்துவிடாதீர்கள். கருமையான தலையின் ஒவ்வொரு பக்கமும் ஓடும் பளிச்சென்ற மஞ்சள் கோடுகளே நல்ல அடையாளம். குஞ்சின் ஓடு சற்றுத் தட்டையாக, மூன்று மேட்டுக் கோடுகளோடு இருக்கும். வளரும்போது ஓடு குவிமாடம்போல் உயரும். இது குளம், சதுப்பு, வயல், கால்வாய் எனத் தேங்கிய நீரில் வாழும்.

கருஞ்சதுப்பு ஆமை. உடல் முழுக்கக் கருமை. தலையின் பக்கவாட்டில், கண்ணுக்குப் பின்னால் வெளிறிய புள்ளி இருக்கும். வாயோரம் சற்று மேல்நோக்கி வளைந்திருப்பதால் சிரிப்பதுபோல் தெரியும். இதுவும் சேறும் சகதியுமான தேங்கிய நீரை விரும்பும்.

நத்தை தின்னும் ஆமை. வட மாநிலங்களின் நெல்வயல்களில் காணலாம். முகத்தில் வெண்மஞ்சள் கோடுகள் உண்டு. முதன்மை உணவு நத்தை. கீரையும் தீனி உருண்டையும் போட்டால் பட்டினி கிடக்கும்.

மெல்லோட்டு ஆமை. குழாய் மூக்கு, நீளக் கழுத்து, தோல்போன்ற தட்டையான ஓடு. ஓட்டின் முன்பக்கத்தில் கையை வைத்துத் தூக்கினால் கழுத்தைத் திருப்பிக் கடித்துவிடும்.

சிவப்புக் காது ஆமை. பச்சை நிற ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை. செல்லப்பிராணிக் கடைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இது நம் நாட்டு உயிரினம் அல்ல. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. இதை வேறு விதமாகக் கையாள வேண்டும், பின்னால் பார்ப்போம்.

ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோலம் கொண்ட நில ஆமையைக் கண்டால், அது இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் நாடுகளுக்குரிய நட்சத்திர ஆமை. நம் காட்டில் இருந்து வந்திருக்க வாய்ப்பே இல்லை. யாரோ வளர்த்துத் தப்பவிட்டதாகத்தான் இருக்கும். கடத்தல் அதிகமாக இருப்பதால் 2019-இல் இதன் பன்னாட்டு வணிகத்துக்கு மிகக் கடுமையான தடை கொண்டுவரப்பட்டது. இதையும் அதிகாரிகளிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

எங்கள் கூடத்துக்கு வந்த குஞ்சுக்கு, தலையில் மஞ்சள் கோடுகள், முதுகில் மூன்று மேடுகள், விரல்களுக்கிடையே சவ்வு. பெட்டி ஆமை.

தொப்புள் உள்ள ஆமை

குஞ்சைத் திருப்பியபோது அடியோட்டின் நடுவில் சிறிய தழும்பு ஒன்று தெரிந்தது. "டீச்சர், காயமா?" என்று அந்த மாணவி பயந்தாள். காயம் இல்லை. அதுதான் அதன் தொப்புள்.

முட்டைக்குள் இருக்கும்போது குஞ்சுக்கு உணவு, மஞ்சள் கருப்பையிலிருந்து வருகிறது. பொரியும் நேரத்தில் மிச்சமுள்ள மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படும். அது உள்ளே போன வழிதான் அந்தத் தழும்பு. சில நாட்களில் அது மூடி, பிறகு மறைந்துவிடும். மூக்கின் நுனியில் சிறிய வெள்ளை முள் போன்ற ஒன்றும் இருக்கலாம். அது முட்டை ஓட்டைக் கிழிக்க உதவிய 'முட்டைப் பல்'. அதுவும் விழுந்துவிடும்.

இந்த இரண்டும் இருந்தால் குஞ்சு பிறந்து சில நாட்களே ஆகின்றன என்று பொருள். இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. உள்ளே இழுக்கப்பட்ட மஞ்சள் கரு முதல் சில நாட்களுக்கு உணவாகப் பயன்படுகிறது. எனவே சோற்றைத் தின்னவில்லை என்று அந்த மாணவி கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. அதற்குப் பசியே எடுத்திருக்காது.

முதல் 24 மணி நேரம்

உதவி கிடைக்கும்வரை குஞ்சை உயிரோடு வைத்திருப்பதுதான் உங்கள் வேலை. செல்லப்பிராணியாக்குவது அல்ல.

அகலமான, உயரம் குறைந்த பேசின் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் ஆழம், குஞ்சு தரையில் நின்றபடி கழுத்தை நீட்டினால் மூக்கு வெளியே வரும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். மழைநீர் நல்லது. குழாய்நீர் என்றால் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்துங்கள்.

ஒரு பக்கம் தட்டையான கல்லோ ஓட்டுத் துண்டோ சாய்வாக வையுங்கள். குஞ்சு முழுதாக ஏறி உலர்ந்து நிற்க இடம் வேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு பெரிய இலையும் போதும். மறைவிடம் இருந்தால் அதன் பதற்றம் குறையும்.

மேலே வலை போட்டு மூடுங்கள். பூனை, காகம், எலி மூன்றும் ஆமைக்குஞ்சைத் தின்னும். எறும்பையும் மறக்காதீர்கள். தொப்புள் ஆறாத குஞ்சை எறும்புக்கூட்டம் கடித்தே கொன்றுவிடும். பேசினைத் தரையில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள்.

பேசினை நேர் வெயிலில் வைத்துவிட்டு மறந்துவிடக்கூடாது. ஆமை குளிர் இரத்த விலங்கு. மனிதர்களைப்போல் தன் உடல் வெப்பத்தைச் சமப்படுத்திக்கொள்ள அதனால் முடியாது. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய்த்தான் சமப்படுத்தும். சிறு பேசினில் உள்ள கொஞ்சம் தண்ணீர் நண்பகலில் வேகமாகச் சூடாகிவிடும். குஞ்சுக்குத் தப்ப வழி இருக்காது. பாதி நிழல் எப்போதும் இருக்கட்டும்.

காயம் இருந்தால், ஓடு விரிசல் கண்டிருந்தால், சுத்தமான ஈரத் துணியில் வைத்து விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஓடு என்பது சட்டை போன்றதல்ல. விலா எலும்புகளும் முதுகெலும்பும் சேர்ந்து உருவானதுதான் மேலோடு. அதில் இரத்த ஓட்டமும் உண்டு, உணர்ச்சியும் உண்டு. பசைபோட்டு ஒட்டுவதும், சாயம் பூசுவதும், பெயர் எழுதுவதும் கூடாது.

என்னுடைய ஆமை ஏன் இறந்தது?

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது என்னிடமும் ஓர் ஆமைக்குஞ்சு இருந்தது. கால்வாயில் கிடைத்தது. வீட்டுக்குள், சன்னலோரம், கண்ணாடிப் புட்டியில் வைத்து வளர்த்தேன். சோறும் ரொட்டியும் போட்டேன். சன்னல் வழியே வெயில் வருகிறதே என்று அம்மாவும் திருப்திப்பட்டார். சில மாதங்களில் அதன் ஓடு விரலால் அழுத்தினால் உள்ளே போகும் அளவுக்கு மென்மையானது. பிறகு நடக்க முடியாமல் போனது. ஒரு காலை அசையவே இல்லை. நோய் வந்து செத்துவிட்டது என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தேன். உண்மையான காரணம் ஆசிரியர் பயிற்சியின்போது உயிரியல் படித்தபோதுதான் தெரிந்தது.

எலும்பும் ஓடும் கெட்டியாக இருக்கக் கால்சியம் வேண்டும். உணவில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் 'பி' வகை தோலில் படும்போதுதான் உடல் வைட்டமின் டி-யைத் தயாரிக்கிறது. நமக்கும் அப்படித்தான்.

என் ஆமைக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்தது. சோற்றிலும் ரொட்டியிலும் கால்சியம் மிகக் குறைவு, அதைவிடப் பாஸ்பரஸ் அதிகம். வெயிலோ கண்ணாடி வழியே வந்தது. சாதாரணச் சன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும். ஆனால் 'பி' வகைப் புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசையும் இதயமும் இயங்காது. ஆகவே பாராதைராய்டு சுரப்பியின் இயக்குநீர், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. வளரும் குஞ்சின் ஓட்டிலிருந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கப்பட்டால் என்ன ஆகும்? என் ஆமைக்கு ஆனதுதான் ஆகும்.

நான் அதைப் பட்டினி போடவில்லை, அடிக்கவில்லை. பாசமாகத்தான் பார்த்துக்கொண்டேன். ஆனால் அதற்கு என்ன தேவை என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஆகவே, அதிகாரிகளின் ஆலோசனைப்படி சில நாட்கள் பெட்டி ஆமைக்குஞ்சை வைத்திருக்க நேர்ந்தால் மட்டும் இவற்றைச் செய்யுங்கள். சிறு மண்புழு, பொடியாக நறுக்கிய கங்கோங் கீரை, நீர்த்தாவரம், ஆமைக்கான தீனி உருண்டை ஆகியவற்றைச் சிறிதளவு கொடுக்கலாம். தின்றபின் மிச்சத்தை எடுத்துவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள். காலை இளவெயிலில், கண்ணாடி இல்லாமல், பாதி நிழலோடு சிறிது நேரம் வையுங்கள். பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். சோறு, ரொட்டி, பால், உப்பிட்ட நெத்திலி ஆகியவை வேண்டாம்.

கையைக் கழுவுங்கள்

ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையின் குடலிலும் தோலிலும்கூட சால்மொனெல்லா எனும் பாக்டீரியா இருக்கலாம். அது ஆமையை ஒன்றும் செய்யாது. நம் வயிற்றுக்குள் போனால் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து அதிகம். இதற்காகவே அமெரிக்கா 1975-இல், ஓடு 4 அங்குலத்துக்கும் குறைவான, அதாவது சுமார் 10 சென்டிமீட்டருக்கும் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதைத் தடை செய்தது. குழந்தைகள் குட்டி ஆமைகளை வாயில் வைத்துக்கொள்வதே காரணம்.

தொடும் முன்பும் தொட்ட பின்பும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பேசின் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தம்பி தங்கைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். எங்கள் மாணவியின் ஆமை சமையல்கட்டுக்குள் வந்ததால் அவர்கள் வீட்டுத் தரையை அன்றே கிருமிநாசினி போட்டுத் துடைக்கச் சொன்னேன்.

வளர்ப்பதா, விடுவதா?

நம் நாட்டு இனமாக இருந்தால் அதன் இடம் காடும் குளமும்தான். தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, நடப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. ஆகவே முதலில் வனவிலங்குத் துறையை, அதாவது பெர்ஹிலித்தானை, பெற்றோர் மூலம் அழைத்துப் படங்களைக் காட்டுங்கள்.

சட்டத்துக்கு அப்பால் ஒரு கணக்கும் உண்டு. கடலாமை ஒரு கூட்டில் சுமார் நூறு முட்டைகள் இடும். பெட்டி ஆமை ஒரு முறைக்குப் பெரும்பாலும் இரண்டே முட்டைகள்தான் இடுகிறது. அவை பொரிய இரண்டு மூன்று மாதங்களாகும். குஞ்சு வளர்ந்து முட்டையிடப் பல ஆண்டுகள் வேண்டும். இறைச்சிக்காகவும் மருந்துக்காகவும் செல்லப்பிராணி வணிகத்துக்காகவும் பெரிய ஆமைகள் பிடிக்கப்படுவதால், இந்த இனம் அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இரண்டு முட்டையில் ஒன்று நம் வீட்டுப் பேசினில் முடிந்துபோனால், அந்தத் தாயின் உழைப்பில் பாதி போய்விட்டது.

'கொஞ்சம் பெரிதாக வளர்த்துவிட்டு விடலாமே' என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். திரெங்கானு, கெமாமான் ஆற்றில் மிக அரிதாகிவிட்ட துந்தோங் ஆமையின் முட்டைகளைச் சேகரித்து, பொரிக்கவைத்து, குஞ்சுகளைச் சில காலம் வளர்த்து ஆற்றில் விடும் பணியை, 2011-இல் தொடங்கப்பட்ட மலேசிய ஆமைப் பாதுகாப்புச் சங்கம் கிராம மக்களோடு சேர்ந்து செய்கிறது. ஆனால் அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், அனுமதியோடு செய்கிறார்கள், விட்டபின்னும் கண்காணிக்கிறார்கள். நம் வீட்டுப் பேசின் அதற்கு ஈடாகாது.

விடச் சொன்னால், கண்டெடுத்த இடத்துக்கு மிக அருகில் உள்ள பொருத்தமான நீர்நிலையில் விடுங்கள். வேகமாக ஓடும் ஆறும் கடலும் பெட்டி ஆமைக்கு ஏற்றவை அல்ல. புல்லும் பாசியும் மண்டிய, ஆழமில்லாத, தேங்கிய நீரோரம் வேண்டும். தண்ணீரில் எறியாமல் கரையில் வையுங்கள். அதுவே இறங்கிப் போகட்டும். வேறு ஆமைகளோடு ஒரே தொட்டியில் இருந்த ஆமையைக் கேட்காமல் விடாதீர்கள். தொட்டியில் ஒட்டிக்கொண்ட நோய் குளத்துக்குப் போய்விடும்.

சிவப்புக் காது ஆமை என்றால் எங்கும் விடக்கூடாது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. கையளவு குட்டியாக வாங்கப்படும் அது சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு வளரும், இருபது முப்பது ஆண்டுகள் வாழும். சலித்துப்போனவர்கள் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்து வாங்கி விடுபவர்களும் உண்டு. அங்கே அது நம் நாட்டு ஆமைகளின் உணவையும், வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்கிறது. ஓர் உயிரை விடுவதாக நினைத்துப் பல உயிர்களின் இடத்தைப் பிடுங்குகிறோம். இதையும் அதிகாரிகளிடம் கேட்டே ஒப்படையுங்கள்.

அந்தக் குஞ்சு என்ன ஆனது?

அன்று மதியமே வனவிலங்குத் துறைக்குத் தொலைபேசியில் பேசினோம். படங்களைப் பார்த்தபின், காயம் இல்லை என்பதால் வீட்டருகே உள்ள சதுப்பிலேயே விடச் சொன்னார்கள். மாலையில் அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால், கால்வாய்க்கு அப்பால், ஆகாயத்தாமரை மூடிய ஒரு பள்ளம் இருந்தது. பாட்டியும் கூடவே வந்தார். "கோயில்ல கூர்ம அவதாரம்னு கும்பிடுறோம், வீட்டுக்கு வந்தா மட்டும் விரட்டுறோம்" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

கரையில் வைத்ததும் குஞ்சு சிறிது நேரம் அசையவில்லை. பிறகு தலையை நீட்டிப் பார்த்தது. நான்கைந்து அடி நடந்து, இலைகளுக்கு அடியில் இறங்கிப் போய்விட்டது. அது பிழைத்ததா என்று எங்களுக்குத் தெரியாது. காட்டில் பெரும்பாலான குஞ்சுகள் பிழைப்பதில்லை. ஆனால் என்னுடைய கண்ணாடிப் புட்டியில் கிடைக்காத ஒரு வாய்ப்பு அதற்குக் கிடைத்தது.

செய்து பாருங்கள்

கால்சியம் போனால் எலும்பு என்ன ஆகும்? சமைத்த கோழியின் ஒரே அளவுள்ள இரண்டு கால் எலும்புகளைச் சுத்தம் செய்யுங்கள். ஒன்றை வினிகரிலும் மற்றொன்றை நீரிலும், ஒரே அளவு போத்தல்களில் ஐந்து நாட்கள் வையுங்கள். எடுத்துக் கழுவி, மெதுவாக வளைத்துப் பாருங்கள். வினிகரில் உள்ள அமிலம் எலும்பின் கால்சியச் சேர்மத்தைக் கரைத்துவிடும். எஞ்சும் நார்ப்பொருள் வளையும். ஆமையின் உடலில் வினிகர் இல்லை. அங்கே கால்சியத்தை எடுப்பது இயக்குநீர். வழி வேறு, விளைவு ஏறத்தாழ ஒன்றே.

சிந்தித்து எழுதுங்கள்

1. மேற்கண்ட சோதனையில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எவை?

2. சன்னலோரக் கண்ணாடித் தொட்டியில் நாள் முழுதும் வெயில் பட்டும் ஓர் ஆமைக்கு ஏன் வைட்டமின் டி குறைகிறது?

3. உங்கள் நண்பர் சிவப்புக் காது ஆமையைக் குளத்தில் விடப் போகிறார். அவரை மனம் நோகாமல் தடுக்க நீங்கள் கூறும் இரண்டு காரணங்கள் யாவை?

4. உங்கள் வீட்டிலிருந்து மிக அருகில் உள்ள தேங்கிய நீர்நிலை எது? அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன? பெரியவர் ஒருவரோடு சென்று, கரையில் நின்றே பார்த்துப் பட்டியலிடுங்கள்.